மாடியில் பதினோரு பிள்ளைகள், மணல்மேட்டில் ஒரு புல்தரை

வாசகர் கேள்வி

ஐயா, மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில், தென்கடல் ஓரத்தில் எங்கள் ஊர். ஊர்க் கடைசியில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கத்திலிருந்தெல்லாம் பெண்பிள்ளைகள் வந்து ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்கிறார்கள். தினமும் போய்வர முடியாத பதினோரு பேர் என் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறார்கள். சமையல் என் கையால்தான். மாதம் ஒரு தொகை வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது ஊராட்சியில் ஒரு தீர்மான வரைவு சுற்றுகிறது. அக்டோபர் 2 கிராமசபையில் வைக்கப்போகிறார்களாம். முதல் பாதி பள்ளி வளாகத்தைப் பற்றியது: 33 சதவீதம் பசுமை வேண்டும், சுற்றுச்சுவர் ஓரம் அலங்கார மரங்கள், முன்னால் புல்தரை. அதைக் காட்டி, பின்பக்கத்து மணல்மேட்டைச் சமப்படுத்தவும் அதிலுள்ள பனைகளையும் முள்மரங்களையும் எடுக்கவும் பள்ளி நிர்வாகம் ஜேசிபிக்குச் சொல்லிவிட்டது. இரண்டாவது பாதி எங்களைப் பற்றியது: குடியிருப்புத் தெருவில் மாணவர்களைத் தங்கவைக்கும் வீடுகள் எல்லாம் 'வணிக விடுதி', அவற்றை மூட வேண்டும். ஆனால் பள்ளி கடல் பக்கமாக மூன்று மாடியில் கட்டப்போகும் விடுதி மட்டும் 'பள்ளியின் ஒரு பகுதி' என்று அதே தாளில் போட்டிருக்கிறது. அந்த இடம் கடலிலிருந்து இருநூறு காலடிக்குள்தான் இருக்கும்.

கூட்டத்தில் ஒரு தம்பி, அமெரிக்காவில் சொந்தபந்தம் இல்லாதவர்கள் ஒரு வீட்டில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டமே உண்டு, அதை இங்கும் கொண்டுவரலாம் என்றார். இந்தப் பதினோரு பேரையும் என் பிள்ளைகளாகத்தான் வைத்திருக்கிறேன். என் வீடு எப்படி ஐயா விடுதியாகும்?

— பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்

அம்மா, வணக்கம்.

நீங்கள் இணைத்திருந்த வரைவை மூன்று தடவை படித்தேன். எழுதியவர் கைதேர்ந்த ஆள். ஒரே தாளில் 'விடுதி' இரண்டு இடத்தில் வருகிறது. உங்கள் தெருவில் வரும்போது அது வியாபாரம், பள்ளிக்குப் பின்னால் வரும்போது அது கல்வி. இரண்டு இடத்திலும் தங்கப்போவது அதே ப்ளஸ் டூ பிள்ளைகள்தான். நகர் ஊரமைப்பு வேலையில் வரைபடங்களோடே வயசாகிப்போனவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வீடா, விடுதியா, பள்ளியா என்று பொதுவாக வாதாடப் போனால் கூட்டத்தில் குரல் பெரியவர் ஜெயிப்பார். அந்தச் சொல் எந்தச் சட்டத்தில் இருக்கிறது, அங்கே யாரைக் காப்பாற்ற வைத்தார்கள் என்று கேளுங்கள். அப்போதுதான் கைக்குப் பிடி கிடைக்கும்.

முதலில் உங்களுக்குக் கசக்கும் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சட்டத்தின் கண்ணில் உங்கள் மாடி விடுதியேதான். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014இல் ஒரு சட்டம் வந்தது. வெளிப்பிள்ளைகளைக் காசு வாங்கித் தங்கவைக்கிறவர், வாசலில் போர்டு மாட்டினாலும் மாட்டாவிட்டாலும், மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியாக வேண்டும். உங்கள் மாடியில் 18 வயது நிறையாதவர்கள் குழந்தைகள் கணக்கில் வருவார்கள், நிறைந்தவர்கள் பெண்கள் கணக்கில் வருவார்கள், ஆக ஒருத்தரும் வெளியே நிற்கமாட்டார்கள். உரிமம் இல்லாமல் நடத்தினால் ஜெயில் வரைக்கும் போகிற குற்றம் அது. நீங்கள் மீன்குழம்பில் முள் எடுத்துப் போடுகிறீர்களா, காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறீர்களா என்பதெல்லாம் அந்தச் சட்டத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அது கேட்காது.

ஏன் இவ்வளவு கறார் என்று உங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே மனநலக் காப்பகம் என்று நடந்த ஓலைக்கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் பிணைத்திருந்தவர்கள் ஓடவழியில்லாமல், 28 பேர் இறந்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 2004 ஜூலை 16இல், கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துத் தீயில் 94 குழந்தைகள். இரண்டு இடத்திலும் யாரும் வேண்டுமென்று நெருப்பு வைக்கவில்லை. உள்ளே இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்கில் எடுத்துக் கட்டின கட்டடங்களாக அவை இல்லை.

என் கையிலும் ஒரு தப்பு நடந்தது. தொண்ணூறுகளில், வேறொரு மாவட்டத்தில், கல்லூரி இருக்கும் ஊர். 'இரண்டு குடும்பம் குடியிருக்கும் வீடு' என்று வந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டேன். நாலு வருஷம் கழித்து வேறு வேலையாக அந்தத் தெருவில் போனேன். என்னோடு வந்த வயசான சர்வேயர் வாசலில் நின்று, "ஐயா, ஓனரைக் கேக்காதீங்க, செருப்பை எண்ணுங்க" என்றார். எண்ணினேன். படிக்குக் கீழே, கதவிடுக்கில், தொட்டி ஓரத்தில் என்று முப்பத்தேழு ஜோடி கிடந்தது. மேலே ஏறும் படி இரண்டரை அடி அகலம். அதிலும் பாதியை ஒரு சைக்கிள் அடைத்திருந்தது. கையெழுத்துப் போட்ட அன்றைக்கு வரைபடம் சுத்தமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசலைப் பார்ப்பேன். உங்கள் வாசலில் இப்போது பதினோரு ஜோடி கிடக்கும், உங்கள் வீட்டுச் செருப்புகள் தனி.

இனி இரண்டாவதாக, கட்டட நெறி. அங்கே உங்களுக்கு நல்ல சேதி இருக்கிறது. கட்டடங்களை எப்படிக் கட்ட வேண்டும், தீப் பாதுகாப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித்தொகுப்பைத்தான் பார்ப்போம். அது கட்டடங்களைப் பயன்பாட்டை வைத்துப் பிரிக்கிறது. முதல் பிரிவு குடியிருப்பு. அதற்குள்ளேயே குடும்பம் வாழும் வீடு ஓர் உட்பிரிவு, ஒரே குடும்பத்தைச் சேராதவர்கள் ஒரே நிர்வாகத்தின் கீழ் சேர்ந்து தூங்கும் கூடம் இன்னோர் உட்பிரிவு. மாணவர் விடுதியை இந்தப் பின்னதில்தான் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். கடைகளும் சந்தைகளும் வேறொரு பிரிவு. ஆக உங்கள் மாடி 'விடுதி', ஆனால் 'வணிகம்' இல்லை. குடியிருப்பு என்ற பெரிய குடைக்குள் நிற்கும் ஒரு விடுதி. வரைவில் அந்த இரண்டு வார்த்தையையும் ஒட்டியிருப்பதுதான் சூட்சுமம்.

வரிச் சட்டம் மூன்றாவது கண்ணாடி. அதுவும் இதே பக்கம்தான் பார்க்கிறது. மாணவிகள், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி அறை வசிப்பிடமே, அதற்கு ஜிஎஸ்டி கேட்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொன்னது. அதே வருஷம் ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சிலும், ஒரு ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாமல், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் விலக்கு என்று முடிவெடுத்தது. நீங்கள் வாங்கும் தொகைக்கு ஜிஎஸ்டி எப்படியும் எட்டாது. கூட்டத்தில் யாராவது 'வணிகம்' என்று ஆரம்பித்தால் சொல்ல ஒரு வரி கையில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆனால் அம்மா, இந்த இரண்டாவதையும் மூன்றாவதையும் காட்டி முதலாவதிலிருந்து தப்பிக்கப் பார்க்காதீர்கள். நான் வீடு வைத்திருக்கிறேன் என்று வரிக்காரரிடம் சொல்லலாம், ஆட்சியர் அலுவலகத்தில் சொல்ல முடியாது.

அமெரிக்கா சொன்ன தம்பி சும்மா சொல்லவில்லை. அப்படி ஒரு வழக்கு உண்டு. நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்டில், பெல் டெர் என்று ஒரு சின்ன ஊர். ரத்த உறவோ கல்யாண உறவோ இல்லாதவர்கள் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து ஒரு வீட்டில் குடியிருக்கக்கூடாது என்று அந்த ஊர் மண்டல விதி போட்டது. பக்கத்து ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்து மாணவர்கள் ஆறு பேர் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்ததால் கேஸ் ஆனது. 1974இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஊர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அங்கே அமைதியான தெரு, குறைந்த வாகனம் என்று அதற்கு நியாயம் சொன்னார்கள்.

இங்கே அதைக் கொண்டுவந்தால் யாரைப் பிடிக்கும் என்று அந்தத் தம்பியைக் கேளுங்கள். விசைப்படகு வேலைக்கு வெளியூரிலிருந்து வந்து ஒரே வீட்டில் ஏழெட்டுப் பேராகத் தங்கியிருக்கும் ஆட்களை முதலில் பிடிக்கும். கருவாட்டுத் தளத்து வேலைக்கு வந்த பெண்களைப் பிடிக்கும். வளைகுடாவில் இருக்கும் நண்பனின் அம்மாவுக்குத் துணையாகப் படுத்துக்கொள்ள வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக்கூட எண்ணிவிடும். நம் சட்டம் சொந்தமா என்று கேட்டுவிட்டு வெளியே போகச் சொல்வதில்லை. சொந்தமில்லாதவர்கள் சேர்ந்து தூங்குகிறார்கள் என்றால் படி எவ்வளவு அகலம், வெளியேற இன்னொரு வழி உண்டா என்று கேட்கிறது. எனக்கு அதுதான் மேல் என்று படுகிறது.

இப்போது பள்ளிக்கூடத்தின் விடுதிக்கு வருவோம். அவர்கள் அதை 'பள்ளியின் ஒரு பகுதி' என்று எழுதியதற்குக் காரணம் கல்வி மேல் உள்ள பாசம் மட்டும் இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்று ஒன்று இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போட்டது. 2011இல் ஒன்று, 2019இல் அடுத்தது. உங்கள் ஊர் போன்ற கிராமக் கடற்கரையில், உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏறிவரும் உச்ச எல்லை) 200 மீட்டர் வரை புதிதாகக் கட்டடம் கட்டக்கூடாத பகுதி. 2019இன்படி, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் நெருக்கமான ஊர்களில் இது 50 மீட்டராகக் குறையும். அதுவும் அந்த அறிவிக்கையின்படி புதிய கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான், இல்லாவிட்டால் பழைய 200 மீட்டரே. உயர் அலைக்கோடு என்பது நீங்களும் நானும் காலில் நுரை பட நின்று பார்க்கிற கோடு இல்லை, அரசு வரைபடத்தில் குறித்திருக்கும் கோடு. உங்கள் இருநூறு காலடி அதிலிருந்து எத்தனை மீட்டர் என்று வரைபடத்தில்தான் அளக்க வேண்டும்.

அந்தக் கட்டக்கூடாத பகுதியில் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. உள்ளூர் மக்களுக்குத் தேவையான மருந்தகம், பள்ளிக்கூடம், மழைக்கு ஒதுங்கும் கூடம், பொதுக் கழிப்பறை, சாலை, பாலம், குடிநீர், சுடுகாடு, துணைமின் நிலையம் போன்றவற்றை, ஒவ்வொன்றாகப் பார்த்து, மாநிலக் கடலோர மேலாண்மை ஆணையம் அனுமதிக்கலாம் என்று 2011 அறிவிக்கை சொல்கிறது. பட்டியலில் பள்ளிக்கூடம் இருக்கிறது. விடுதி இல்லை. அதனால்தான் விடுதியைப் பள்ளிக்கூடத்தின் முந்தானைக்குள் மறைத்துக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள்.

என் வாசிப்பில் அது நிற்காது. பட்டியலுக்கு முன்னால் 'உள்ளூர் மக்களுக்குத் தேவையான' என்று ஒரு அடைமொழி இருக்கிறது. முதுகுளத்தூரிலிருந்து வரும் பிள்ளை தங்குவதற்கான கட்டடம் அந்த அடைமொழிக்குள் எப்படி நுழையும்? அந்தப் பிள்ளை உள்ளூராக இருந்தால் விடுதியே வேண்டாமே. 200 மீட்டருக்கும் 500 மீட்டருக்கும் இடைப்பட்ட பகுதியில் போனாலும் அவர்களுக்குச் சிக்கல் தீராது. அங்கே குடியிருப்பு என்றால் மீனவர் குடியிருப்பு போல வழிவழியாக வந்த உரிமைக்குட்பட்ட வீடுகளுக்குத்தான் இடம். அதற்கும் 9 மீட்டர் உயரம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்று எல்லை கட்டியிருக்கிறது. இவர்கள் கேட்பது மூன்று மாடி.

பள்ளியை எதிரியாக்கிவிடாதீர்கள். அவர்கள் விடுதி கட்ட நினைப்பது தப்பே இல்லை. இரண்டு படிக்கட்டு, வார்டன், தீயணைப்பு வசதியோடு ஊருக்கு வடக்கே, கடலிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால், சாலையோரம் ஒரு நல்ல விடுதி வந்தால் நானே உங்கள் மாடிப் பிள்ளைகளை அங்கே அனுப்பச் சொல்வேன். கடல் பார்த்த ஜன்னல் விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

முதல் பாதி, பசுமை. எல்லோரும் இதை நல்ல காரியம் என்று கைதூக்கிவிட்டு இரண்டாவது பாதிக்குத்தான் சண்டை போடுவார்கள். என் கணக்கில் ஊருக்குப் பெரிய நஷ்டம் இந்தப் பாதியில்தான் இருக்கிறது.

33 சதவீதம் எங்கிருந்து வந்தது? நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாகவோ மரங்களாகவோ இருக்க வேண்டும் என்பது 1988 தேசிய வனக் கொள்கையின் குறிக்கோள். நாட்டுக்குச் சொன்ன கணக்கை யாரோ ஒரு பள்ளிக்கூடத்து மனைக்கு வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. போகட்டும், பச்சை நல்லதுதான். எந்தப் பச்சை, எந்தத் தண்ணீரில் என்பதுதான் கேள்வி.

நான் உங்கள் பக்கத்துக் கடற்கரைகளில் நடந்திருக்கிறேன். மணல்மேட்டின் கடல்பக்கச் சரிவில் இராவணன் மீசை உருண்டு கிடக்கும், குத்தினால் நாள்முழுக்க எரியும். அதற்கு இடையில் அடப்பங்கொடி ஊதாப்பூவோடு படர்ந்திருக்கும். இந்த இரண்டும்தான் மணலைக் கட்டிவைத்திருக்கிற கயிறு. மேட்டுக்கு மேல் பனை, பனைக்குப் பின்னால் உடைமரம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடலிலிருந்து வருகிற மணல் அந்த மேட்டில் ஏறி அங்கேயே உட்கார்ந்துவிடும். மேட்டை வாரிவிட்டால் அது நேராக வகுப்பறைக்குத்தான் வரும். முதல் கச்சானிலேயே புல்தரை மணலுக்கடியில் போய்விடும், பிள்ளைகள் சோற்றுப் பாத்திரத்தை மூடிவைத்துச் சாப்பிடுவார்கள்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மணல்மேட்டைச் செதுக்குவதும் மாற்றுவதும், அழகுபடுத்தவோ பொழுதுபோக்குக்கோ நிலத்தின் இயற்கை அமைப்பை மாற்றுவதும் 2011 அறிவிக்கையில் தடைசெய்யப்பட்ட வேலைகளின் பட்டியலிலேயே இருக்கின்றன. 2019லும் உயிருள்ள மணல்மேடுகளில் கைவைக்கத் தடை தொடர்கிறது. 'அழகுபடுத்துவதற்காக' என்று தனியாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பள்ளியின் புல்தரையை மனதில் வைத்து எழுதின மாதிரியே இருக்கிறது. மத்திய அரசின் அறிவிக்கையை ஊராட்சித் தீர்மானம் தளர்த்த முடியாது. ஊராட்சி துணைவிதியே போட்டாலும் ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும்.

தண்ணீருக்கு வருகிறேன். வெயில் காயும் ஊரில் புல்லுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைப்போம். 1,000 சதுர மீட்டர் புல்தரைக்கு அது 5,000 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றுதான் கணக்கு. அதாவது தொண்ணூறு பேர் தண்ணீரைப் புல் குடிக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் அவ்வளவு வராது என்பது குடத்தை வரிசையில் வைக்கிற உங்களுக்கே தெரியும். அப்போது போர்வெல் போடுவார்கள்.

கடலோர மணலுக்கடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. நல்லது எடை குறைவு என்பதால் மேலே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர்களின் கணக்கு. திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு மேலே ஒரு அடி இறக்கினால், கீழே உப்பு 40 அடி ஏறிவரும். உங்கள் பாட்டி மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, ஊறும் வரை குந்தியிருந்தாரே, அதற்குக் காரணம் இதுதான். அறிவிக்கையும் கிட்டத்தட்ட பாட்டி சொன்னதையே சொல்கிறது: 200 மீட்டருக்குள் உள்ளூர் மக்களின் சொந்தத் தேவை தவிர நிலத்தடி நீர் எடுக்கக்கூடாது. 200க்கும் 500க்கும் நடுவில், வேறு தண்ணீர் வழி இல்லாதபோது, சாதாரணக் கிணற்றில் கையால் இறைக்கலாம். அதுவும் குடிக்க, பயிருக்கு, தோட்டத்துக்கு, மீன் தொழிலுக்கு. 'தோட்டம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாதாடலாம். வாதாடட்டும், 5,000 லிட்டரைக் கையால் இறைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

முள்மரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறதே என்பார்கள். போட்டது உண்மை. ஆனால் ஜேசிபிக்காரர் கண்ணுக்கு முள் எல்லாம் முள்தான். சீமைக்கருவேல் கிளை தொங்கிச் சரிந்து, மஞ்சள் நிறத்தில் நீளக் காய் காய்க்கும். உடைமரம் குடையை விரித்துத் தலையைச் சீவினாற்போல் தட்டையாக நிற்கும், முள் வெளுப்பாக இருக்கும், இந்த வறண்ட கடலோரத்துக்கே சொந்தமான மரம். ஆடுகள் அதன் நெற்றுக்காகக் காத்து நிற்கிற மத்தியான நிழலை நீங்கள் பார்க்காமலா இருப்பீர்கள்? ஜேசிபி வருவதற்கு முன்னால், நிற்கிற உடைமரத்திலெல்லாம் ஒரு வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் போட்டோ எடுத்துவையுங்கள். பனைக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. மாநில மரம். வெட்டுவதென்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் முதல்முறையாகப் போட்ட வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள்.

எதிர்த்துவிட்டு வெறுங்கையோடு நிற்க வேண்டாம். தீர்மானத்தைத் திருத்தச் சொல்லுங்கள். சுவரோரம் நெட்டிலிங்கத்துக்குப் பதில் பூவரசும் புன்னையும். இரண்டும் உப்புக்காற்றுக்கு அசையாதவை. புன்னை மெதுவாக வளரும், தலைமையாசிரியர் மாறிக்கொண்டே இருப்பார், அது நிற்கும். பூவரசு இருந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதவும் ஆச்சு. உள்பக்கம் வேம்பு, புங்கை. புல்தரை இடத்தில் வெறும் மணல் மைதானம் போதும், கபடிக்கு அதைவிட நல்ல தரை கிடையாது. மாடித் தண்ணீர் எல்லாம் கிணற்றுக்கோ ஊருணிக்கோ போகட்டும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003இலிருந்தே கட்டாயம், பள்ளியில் அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் சுவருக்கு வெளியே ரோட்டில் முடியும்.

கூட்டத்துக்கு முன் இரண்டு காகிதம் தேவை. 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போட்டுப் பள்ளியின் திட்ட அனுமதி நகலையும் மனை வரைபடத்தையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கடலோர மேலாண்மை வரைபடத்தில் உங்கள் ஊர்ப் பக்கத்தை, உயர் அலைக்கோடும் மணல்மேடும் தெரிய, மாவட்டக் கடலோர மண்டலக் குழுவிடம் கேளுங்கள். அக்டோபர் 2க்குள் பதில் வராமல் போனால் கவலை வேண்டாம். கிராமசபை வருஷத்தில் ஆறு தடவை கூடுகிறது, நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் அடுத்தது. வாக்காளர் என்ற முறையில் எழுந்து, 'வரைபடம் வரும் வரை இந்தப் பொருளைத் தள்ளிவைக்க வேண்டும்' என்று சொல்லி அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்துவிடுங்கள். மேட்டில் மண்வெட்டி பட்டுவிட்டால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆட்சியருக்கு மனு.

ஆனால் நீங்கள் எழுந்து மணல்மேட்டைப் பற்றிப் பேசும்போது, 'உங்க மாடிக்கு உரிமம் இருக்கா?' என்று ஒருத்தர் கட்டாயம் கேட்பார். அதற்குமுன் விண்ணப்பித்து ஒப்புகைச் சீட்டை வாங்கிவைத்திருங்கள். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று இதெல்லாம் கேட்பார்கள். அலைச்சல்தான். சமையலுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவும் செய்துவிடுங்கள். பிள்ளைகளின் பெற்றோர் கையெழுத்தோடு ஒரு பேரேடு, யார் எப்போது ஊருக்குப் போனார், யார் வந்து கூட்டிப்போனார் என்று. சான்று மறுக்கப்படும் நிலை வந்தால் அந்த வருஷப் பரீட்சை முடியும்வரை அவகாசம் கேளுங்கள், நியாயமான அதிகாரி என்றால் தருவார்.

தீயணைப்புக்காரர் வந்ததும் முதலில் படியைத்தான் பார்ப்பார். குடும்பம் வாழும் வீட்டுக்கு ஒரு மீட்டர் அகலப் படி போதும் என்கிறது நெறித்தொகுப்பு, பள்ளிக் கட்டடத்துக்கு ஒன்றரை மீட்டர். உங்கள் மாடிப்படியை டேப் வைத்து அளந்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். மாடியின் பின்பக்கம் வெளியே ஒரு இரும்புப்படி இறக்க இடம் இருக்கிறதா, அது யார் வீட்டுச் சுவரில் போய் முட்டும் என்பதையும் எழுதுங்கள்.